ஊரார் வைத்த பேரும் ஊரின் பேரும்

திருநாவலூர்க்காரர்களுக்கு ஓலையை வைத்து நடந்த ஒரு வழக்கு சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த ஊரில் பிறந்த சுந்தரருக்குப் பக்கத்துப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்று தடுத்தார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலையைச் சபையில் காட்டுகிறேன் என்றார். திருவெண்ணெய்நல்லூரில் சபை கூடியது. பாட்டன் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. பெரியபுராணம் சொல்லும் கதை இது. பக்தியோடு கேட்பவர்களுக்கு அது வேறு. சரக்கு விற்கிறவர்களுக்கு அதில் ஒரு சேதி உண்டு: சபையில் நிற்பது எழுத்துதான்.

அதே வட்டாரத்தில் ஒரு விவசாயத் தம்பதி. இரண்டரை ஏக்கர் நிலம். மல்லாட்டையை மூட்டை மூட்டையாகக் கமிட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், விலை கட்டுப்படியாகாமல் ஒரு மரச்செக்கு போட்டார்கள். செக்கு இருந்தது கிணற்று மேட்டில். கடைக்குப் பேர் வைக்கவில்லை, போர்டும் மாட்டவில்லை. வாங்க வந்தவர்கள்தான் 'கெணத்துமேட்டு எண்ணெய்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து ஸ்டிக்கர் அடித்தபோது அந்தப் பேரையே போட்டுக்கொண்டார்கள்.

ஆறாவது வருடம், வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண் பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தத் தடவ எண்ணெய் இப்படிக் காறலடிக்குது? பணியாரம் சுட்டு அப்படியே கெடக்கு, புள்ளைங்க தொடல."

வீட்டுக்காரம்மா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஸ்டிக்கரில் 'ஒரிஜினல் கிணத்துமேட்டு எண்ணெய்' என்று அச்சடித்திருந்தது. கிணறு படம்கூட இருந்தது.

"இது நம்ம எண்ணெய் இல்லக்கா. எங்க வாங்குனீங்க?"

டவுன் கடையில் வாங்கியது. யாரோ ஒரு வியாபாரி எங்கிருந்தோ எண்ணெய் வாங்கி, அந்தப் பேரில் பாட்டில் போட்டிருக்கிறார். அந்த ஒரு பாட்டிலுக்காக அவர்கள் வருத்தப்படவில்லை. இந்த அக்கா உரிமையோடு கேட்க வந்துவிட்டார். கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ என்ற நினைப்புதான் அன்றைக்குச் சோறு இறங்காமல் செய்தது. வீட்டுக்காரர் அந்த வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்டார். "நான் டிரேட் மார்க்குக்கு எழுதிப் போட்டாச்சுங்க. நீங்க போட்டீங்களா?" என்று பதில் வந்தது. அவர்கள் போடவில்லை.

இருட்டுக்கடை சொன்ன பதில்

முந்திப் பதிந்தவனுக்கே பேர் சொந்தம் என்றுதான் கிராமத்தில் பலரும் நினைக்கிறார்கள். பத்திரப் பதிவு பழக்கத்தில் வந்த நினைப்பு அது. டிரேட் மார்க் சட்டம் அப்படி இல்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு.

நெல்லையப்பர் கோயில் எதிரில் 1900-இல் தொடங்கிய கடை அது. வெளிச்சம் குறைவான விளக்கில் வியாபாரம் நடந்ததால், வாங்க வந்த ஜனங்களே 'இருட்டுக்கடை' என்று பேர் வைத்தார்கள். பின்னால் வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பேரில் விற்றார். அவர் கையில் பதிவுச் சான்றிதழும் இருந்தது. பழைய கடைக்காரர் வழக்குப் போட்டார். திருநெல்வேலியில் ஜெயித்து, உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 2015-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார்.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை விவசாயிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு என்பது, ஏற்கெனவே இருக்கும் உரிமையை ஒப்புக்கொள்வது. பேரை நாணயமாக முதலில் புழங்கி, அதற்கு மதிப்புச் சம்பாதித்தவருக்கே உரிமை பெரிது. பின்னால் வந்தவர் பதிந்திருந்தாலும், தன் சரக்கை அவர் சரக்குபோலக் காட்டி விற்க முடியாது. முன்னால் ஊர்ப் பேரைச் சேர்த்துக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு முதலில் புழங்கியவரைக் காப்பாற்றுகிறது. 27-ஆம் பிரிவு பதியாத பேருக்கும் வழக்குப் போடும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது.

ஜனங்கள் வைத்த பேர் என்பதால் அது ஜனங்களுக்குப் பொது என்று ஆகிவிடவில்லை. எந்தச் சரக்கை நம்பி அந்தப் பேரைச் சொன்னார்களோ, அந்தச் சரக்கைச் செய்தவருக்கே போனது. திருநாவலூர்த் தம்பதிக்கும் இதுதான் தெம்பு. ஆனால் அல்வாக் கடைக்கு நூறு வருடப் பேர் இருந்தது. ஆறு வருடச் செக்குக்கு என்ன சாட்சி?

அங்கேதான் மூல ஓலை வேண்டும். வீட்டில் தேடியபோது கிடைத்தவை இவை: ஸ்டிக்கர் அடித்த அச்சகத்தின் பில், செக்குக்கு மின் இணைப்பு வாங்கிய ரசீது, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுச் சான்று, வாடிக்கையாளர்கள் 'கெணத்துமேட்டு எண்ணெய் ரெண்டு லிட்டர் வேணும்' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, வீட்டுக்காரம்மா தேதி போட்டு எழுதி வைத்திருந்த பற்று நோட்டு. கடன் வசூலுக்காக எழுதியதுதான். யார், எந்தத் தேதியில், எந்த ஊருக்கு, எத்தனை லிட்டர் என்று ஐந்து வருடக் கணக்கு அதில் இருந்தது.

சும்மா இருந்தால் போகும்

'அவன் பேர் வேற, நம்ம பேர் வேற, ஒரு எழுத்து மாறுதே' என்று சிலர் விட்டுவிடுவார்கள். ஒரு எழுத்து மாறினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அமிர்ததாரா என்ற மருந்து 1901 முதல் விற்பனையில் இருந்தது. லட்சுமண்தாரா என்று இன்னொன்று வந்தது. இந்த மருந்தை வாங்குகிறவர்கள் கிராமத்து ஜனங்கள், படித்தவர்களும் படிக்காதவர்களும். அவர்கள் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதில்லை, அரைகுறை ஞாபகத்தில்தான் வாங்குகிறார்கள். ஆகவே இரண்டு பேரும் குழப்பம் உண்டாக்கும் என்றது நீதிமன்றம்.

ஆனாலும் அமிர்ததாராவுக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை. லட்சுமண்தாரா பல வருடமாக விற்பது தெரிந்தும் அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அந்தப் பேரைப் பதிய நீதிமன்றம் அனுமதித்தது. இப்போதைய சட்டத்திலும், பதிந்த பேர் வைத்திருப்பவர், பின்னால் பதிந்த இன்னொருவர் புழங்குவதைத் தெரிந்தே ஐந்து வருடம் விட்டுவிட்டால், பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லித் தடுப்பது கஷ்டம். வரப்பைத் தள்ளி வைத்த அன்றைக்கே கேட்காதவன் கதைதான்.

ஊரின் பேர் யாருக்கு?

எந்தப் பேரும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 'சுத்தமான கடலை எண்ணெய்', 'நாட்டு வெல்லம்' போன்ற பேர்களைப் பதிய முடியாது. சரக்கு என்ன என்பதைச் சொல்லும் சொல், எல்லோருக்கும் வேண்டிய சொல். வெறும் ஊர்ப் பேருக்கும் அதே கதி. பல காலம் புழங்கி, அந்தப் பேரைச் சொன்னால் அந்த ஒரு கடைதான் என்று ஆகியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. சாமி சம்பந்தமான பேரிலும் கவனம் வேண்டும். 'ராமாயண்' என்று ஊதுவத்திக்குப் பேர் கேட்டவருக்கு, புனித நூலின் பேரை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஊரின் பேருக்கே மதிப்பு இருந்தால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. அதுதான் புவிசார் குறியீடு. 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு அது கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஈரோடு மஞ்சள் ஆகியவை வாங்கின. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் ஒன்று உண்டு. இங்கத்து மரச்சிற்பத்துக்கு 2021-இல் கிடைத்தது.

டிரேட் மார்க் ஒரு குடும்பத்தின் பட்டா நிலம் என்றால், புவிசார் குறியீடு ஊருக்குப் பொதுவான ஏரி. தனி ஆள் கேட்டு வாங்க முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ அமைப்போதான் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அந்தப் பகுதியில் அந்த முறைப்படி செய்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேர் பதிந்துகொண்டு பயன்படுத்தலாம். பலர் இங்கே தான் நின்றுவிடுகிறார்கள். ஊருக்குக் கிடைத்துவிட்டது என்று பட்டாசு வெடித்ததோடு சரி, தன் பேரைப் பயன்படுத்துவோர் பட்டியலில் சேர்ப்பதில்லை. நாளைக்குக் கல்வராயன் மலையில் விளையும் ஏதாவது ஒன்றுக்கு இந்தக் குறியீடு கேட்க வேண்டுமென்றால், மலை மக்கள் ஒன்றாகச் சேர்ந்து, இந்த மண்ணாலும் தட்பவெப்பத்தாலும்தான் இதற்கு இந்தக் குணம் என்று காட்டியாக வேண்டும்.

விதை விற்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பை போட்டு, இன்ன ரகம் என்று லேபிள் ஒட்டி, பிராண்டு விதையாக விற்கக் கூடாது. சாக்கில் அள்ளிக் கொடுத்தால் உரிமை. லேபிள் ஒட்டினால் வழக்கு.

பதிவது எப்படி?

பேரைத் தேர்ந்தெடுக்கும் முன், மத்திய அரசின் டிரேட் மார்க் இணையதளத்தில் அதே மாதிரிப் பேர் இருக்கிறதா என்று இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பேரைப் படித்துப் பார்ப்பதோடு வாயால் சொல்லியும் பார்க்க வேண்டும். காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலே சிக்கல்தான். தமிழில் எழுதிய பேரையும் பதியலாம். அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பொருள்களை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகை. அரிசி, மாவு, வெல்லம், தேன் 30-ஆம் வகை. விதை, காய்கறி, பழம் 31-ஆம் வகை. தனி நபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. புவிசார் குறியீட்டுக்கு நாடு முழுமைக்கும் உள்ள ஒரே அலுவலகமும் அங்கேதான்.

விண்ணப்பத்தில் 'எந்தத் தேதி முதல் புழங்குகிறீர்கள்' என்ற இடம் வரும். ஏற்கெனவே விற்பவர்கள் 'இனிமேல்தான்' என்று எழுதிவிடக் கூடாது. முதல் விற்பனைத் தேதியை எழுதி, ஆதாரமும் உறுதிமொழிப் பத்திரமும் வைக்க வேண்டும். அலுவலகம் பரிசீலித்து ஒப்புக்கொண்டால் இதழில் வெளியிடும். வெளியான நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். அந்த வியாபாரியின் விண்ணப்பத்தை எதிர்க்கத் தம்பதிக்கு இருக்கும் வழியும் அதுதான். பதிவாகிவிட்டால் பத்து வருடம் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

முதலில் புழங்கியவருக்கே உரிமை என்றால் எதற்குப் பதிய வேண்டும்? பதியாதவர் வழக்குப் போட்டால், தன் பேர் எவ்வளவு தூரம் தெரிந்த பேர் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். எதிராளி இருக்கும் இடத்துக்கோ, அவர் விற்ற இடத்துக்கோ அலைய வேண்டும். பதிந்தவர் சான்றிதழைக் காட்டி, தன் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஏக்கர்க்காரருக்கு அந்த அலைச்சல் மிச்சமாவதே பெரிய காரியம்.

விண்ணப்பித்தவுடன் 'டி.எம்.' என்று பேருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்த பிறகுதான்; முன்னாலேயே போட்டால் சட்டப்படி குற்றம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், ஜி.எஸ்.டி. எண், அக்மார்க் முத்திரை எதுவும் பேருக்கான உரிமையைத் தராது. அவை வேறு வேலைக்கு வந்தவை.

திருநாவலூர்த் தம்பதி அந்த நோட்டையும் பில்லையும் வைத்து வக்கீல் மூலம் வியாபாரிக்கு நோட்டீஸ் விட்டார்கள். தங்கள் பேரிலும் விண்ணப்பம் போட்டார்கள். டவுன் கடையில் அந்த ஸ்டிக்கர் இப்போது கண்ணில் படுவதில்லை. விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. செக்கடியில் நடந்த மாற்றம் ஒன்றுதான். யார் வந்து ஒரு லிட்டர் வாங்கினாலும், வீட்டுக்காரம்மா தேதியும் எண்ணெய்ப் பேரும் எழுதி பில் கிழித்துக் கொடுக்கிறார். அடிக்கட்டை அவரிடம் இருக்கிறது.