கைப்பிடிச்சுவரும் கார் லிஃப்டும்



கடந்த ஒரு மாதமாக நான் வேத விளக்கவுரைகளோடு செலவிட்ட நேரத்தைவிடக் கார் தூக்கும் லிஃப்டுகளைப் பற்றி விசாரித்த நேரமே அதிகம். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடத் தெரியாத ஒருவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு தாயும் மகனும் இதை எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள்.

நம் சபையின் வாலிபர் ஒருவர், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு, கார்களைப் பழுது பார்த்து வருகிறார். நம் ஊரில் இது புதிய தொழில் அன்று. 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது இந்தத் திருவொற்றியூரில்தான். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் இங்கே உருவாயின. லேலண்டு லாரிகள் சற்று வடக்கே எண்ணூரில். நம் வீடுகளில் பாதியிலாவது அந்த ஆலைகளில் ஒன்றிலோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்த பட்டறையிலோ உழைத்த கைகள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு வண்டி என்பது பாலைப்போல, தண்ணீரைப்போலப் பழகிய பொருள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பழகிய பொருளுக்கு நாம் பயப்படுவதில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனைக்குப்பின் அந்தத் தாய் என்னிடம் வந்தார். "ஐயா, இவன் ஐம்பத்தஞ்சாயிரத்துக்குப் பழைய லிஃப்டு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கான். நீங்க வந்து பார்க்காம நான் நகையைத் தர மாட்டேன்" என்றார். நான் என்ன பார்க்கப் போகிறேன் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. அந்தச் சகோதரி என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் இங்கு ஊழியத்துக்கு வந்த புதிதில், அவருடைய கணவரை அடக்கம் செய்தவன் நான்தான். அவரும் மெக்கானிக். ஓர் அம்பாசிடரின் சைலன்ஸரைக் கழற்ற, பாட்டில் ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, செங்கற்களை அடுக்கி முட்டுக்கொடுத்து, அடியில் படுத்திருக்கிறார். ஆயிரம் தடவை செய்த வேலை. துருப்பிடித்த போல்ட்டை முழு பலத்தோடு இழுத்தபோது வண்டி அசைந்தது, ஜாக்கி சாய்ந்தது, செங்கல் நொறுங்கியது. அம்பாசிடரின் எடை ஆயிரம் கிலோவுக்கும் மேல். மகனுக்கு அப்போது வயது நான்கு.

அடக்க ஆராதனையில் நான் பேசியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கர்த்தர் தம் தாசனை அழைத்துக்கொண்டார் என்றேன். இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயின்று வந்தவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நாற்பது நாள் கழித்து ஜெபிக்கச் சென்றபோது அந்தச் சகோதரி தலை நிமிராமல் கேட்டார்: "ஐயா, அவரைக் கர்த்தர் கூப்பிட்டாரா, இல்ல அந்தச் செங்கல் உடைஞ்சுதா?"

நான் பதில் சொல்லவில்லை. சங்கீதம் ஒன்றை வாசித்து ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிரியமானவர்களே, சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணவேண்டாம் என்று நம் ஆண்டவர் தெளிவாக மறுத்தார். மாண்டவர்மேல் பழி போடுவதைத் தடுத்த அந்த வார்த்தையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கோபுரத்தைக் கட்டியவர்களைப் பற்றி மட்டும் ஒருமுறையும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனம். புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் இருக்கும் என்பது அங்கே கட்டளை. இஸ்ரவேலரின் கூரைகள் தட்டையானவை. ராகாப் அங்கே சணல் தட்டைகளைப் பரப்பியிருந்தாள். பேதுரு அங்கே ஏறி ஜெபித்தார். தினமும் புழங்கும் இடம் என்பதால்தான் அங்கே சுவர் தேவைப்பட்டது. விழுகிறவனைத் தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாதத்தை வேதத்தில் நான் பார்த்தது ஓரிடத்தில்தான். அதை முன்வைத்தவன் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே லிஃப்டைப் பார்க்கப் போனேன். தனியாக அல்ல, லாரித் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற நம் சபை மூப்பர் ஒருவரை அழைத்துக்கொண்டேன்.

மணலிப் பக்கம் ஒரு கிடங்கில் அது நின்றது. இரண்டு தூண்களும் நான்கு கைகளும் கொண்ட 'டூ போஸ்ட்' லிஃப்ட். புதிதாக நீலவண்ணம் பூசப்பட்டிருந்தது. தம்பியின் கண்கள் அதன்மேலேயே இருந்தன. மூப்பர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. இரு தூண்களின் கைகளும் சமமாக ஏறுவதற்காக ஓடும் எஃகுக் கயிற்றைக் கப்பி வளையும் இடத்தில் பழந்துணியால் துடைத்தார். துணியில் கம்பி இழைகள் மாட்டின. கடற்காற்று அதைத் தின்றிருந்தது. ஹைட்ராலிக் சிலிண்டரின் அடியில் எண்ணெய்க் கசிவு. பிறகு தூணின் பின்பக்க மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த லாக்கைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அது விழவே முடியாது.

"ஒவ்வொரு தடவையும் விடுவிக்கிறது தொல்லைங்க. ஹைட்ராலிக்கே பிடிச்சுக்கும்" என்றார் விற்பவர்.

திரும்பும் வழியில் மூப்பர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். தூக்குவது எண்ணெயின் வேலை. தாங்குவது லாக்கின் வேலை. கார் வேண்டிய உயரத்துக்கு ஏறியபின், அதைச் சற்றே இறக்கி, லாக்கின் இரும்புப் பல்லின்மேல் உட்காரவைக்க வேண்டும். அதன்பின் சீல் கிழிந்தாலும் குழாய் வெடித்தாலும் எடை இரும்பின்மேல் நிற்கும். எண்ணெயை மட்டும் நம்பிக் காரின்கீழ் நிற்பவன், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்த தன் தகப்பனைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானவன் அல்லன். தம்பி ஸ்கூட்டரில் முன்னே போய்க்கொண்டிருந்தார்.

அன்று மாலை அந்தக் கொட்டகையை அளந்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். கூரையின் தாழ்ந்த பக்கம் பத்தரை அடி. டூ போஸ்ட் லிஃப்ட் காரை ஏறக்குறைய ஆறடி உயர்த்தும். காரின் உயரமே ஐந்தடி. கார் கூரையைப் பிளக்கும். தரையைச் சுத்தியலால் தட்டி, ஒரு மூலையில் தோண்டிப் பார்த்தார் மூப்பர்: கடல் மணலின்மேல் மூன்று அங்குலம்கூட இல்லாத காரை. தூண்களை நிறுத்தும் ஆங்கர் போல்ட்டுகளுக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் வரை நல்ல கான்கிரீட் வேண்டும். மெல்லிய தரையில் அவை பல்லைப்போலப் பிடுங்கிக்கொண்டு வரும். ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கிடைத்த அந்த மலிவு, கயிறு, சீல், தரை, கூரை எல்லாவற்றையும் கூட்டினால் மலிவாக இருக்கவில்லை. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டானா என்று ஆண்டவர் கேட்டதை நான் அங்கே சொல்லவில்லை. முகம் வாடி நிற்பவனிடம் வசனம் சொல்வது எளிது. அதனாலேயே சொல்லாமல் இருந்தேன்.

பள்ளம் தோண்டிவிடலாமே என்றார் ஒருவர். பழைய பட்டறைகளில் அதுதான் வழக்கம், செலவும் குறைவு. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும். மேலும் நம் தெருக்களில் ஐப்பசி பிறந்தால் பள்ளம் கிணறாகிவிடும்.

முடிவில் 'சிசர் லிஃப்ட்' என்ற வகையைத் தேர்ந்தோம். கத்தரிக்கோல் கால்களைப்போல மடங்கி விரியும். காரை மூன்று நான்கு அடி உயர்த்தும். அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது, சக்கர முக்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும். காரின் நடுப்பகுதியை லிஃப்டே மறைக்கும் என்பதும் குறைதான். ஆனால் தம்பிக்கு வருபவை பெரும்பாலும் பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் வேலைகள். சிறிய கார்களில் கியர்பெட்டியும் முன்புறமே இருப்பதால் பெரும்பகுதி நடக்கும். மூன்று டன் தாங்கும் லிஃப்ட், 900 கிலோ ஸ்விஃப்டுக்கும் போதும், 1,800 கிலோ இன்னோவாவுக்கும் போதும். மோட்டார் சிங்கிள் பேஸில் ஓடும். இதிலும் இரும்புப் பல் லாக் உண்டு. மூப்பர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

புதியது வரிகளோடு 1,15,000 ரூபாய் என்றார்கள். தரை போட இன்னொரு 18,000. சேமிப்பும் நகைக்கடனும் சேர்ந்து தம்பியிடம் இருந்தது 90,000. மீதியைச் சபையின் உதவி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் கேட்டேன். "ஐயா, கார் லிஃப்ட் வாங்குவது ஊழியமா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். சென்ற ஆண்டு இதைவிட இரு மடங்கு விலையில் ஒலிபெருக்கிக் கருவிகள் வாங்கியபோது அந்தக் கேள்வி எழவில்லையே என்று மட்டும் சொன்னேன். சுமையின்கீழ் விழுந்துகிடக்கும் சத்துருவின் கழுதையையே தூக்கிவிடச் சொல்கிறது யாத்திராகமம். இங்கே கழுதையின் இடத்தில் கார். அடியில் கிடப்பவன் நம் மகன். கடன் நிறைவேறியது, பத்து மாதத் தவணையில்.

உங்களில் பலர் சொந்த வண்டியை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்பவர்கள். லிஃப்ட் வாங்க உங்களால் முடியாமல் இருக்கலாம், தேவையும் இராது. ஆனால் ஒரு ஜோடி இரும்பு ஜாக் ஸ்டாண்டு, ஒரு டயரின் விலைக்குள் கிடைக்கும். ஜாக்கியால் தூக்குங்கள், ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், அசைத்துப் பாருங்கள், பிறகு படுங்கள். செங்கல் வேண்டாம். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கச் சட்டத்தடியில் தள்ளி வைப்பதும் நல்லது. வாங்க வசதியில்லாதவர்களுக்காக மூன்று டன் தாங்கும் ஸ்டாண்டுகள் இரண்டு ஜோடி இப்போது ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. கையெழுத்திட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளும் தரப்படும்.

தரை போட்ட அன்று என்னை ஜெபிக்க அழைத்தார்கள். ஜெபித்து முடித்தபின் அந்தச் சகோதரியைத் தனியே கண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "செங்கல்தான் உடைந்தது அம்மா. அன்றைக்கே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் ஈரக் கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் ஐயா" என்றார்.

இன்று ஒன்பதாம் நாள். காலையிலும் மாலையிலும் சாக்குகளை விரித்து அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று மாலை நான் அந்த வழியே போனபோது, இரவு மட்டும் ஒரு வாடிக்கையாளரின் காரை அதன்மேல் நிறுத்திக்கொள்ளலாமா என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தார். "இருபத்தெட்டு நாள்னு பெரியவர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அவர் குழாயடிக்குப் போனார்.