ஐம்பத்தாறு வயதில் மாணவியானேன்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது தனியார் பள்ளியில் தமிழாசிரியை. "அம்மா, ஆன்லைன்லயே பிஎச்.டி. தர்றாங்களாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாம். ஒன்றரை வருஷம் போதுமாம். நகையை வச்சு முன்பணம் கட்டப் போறேன்" என்றாள். "கட்டிடாதே கண்ணு" என்றேன். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2020-இல் நான் பகுதிநேர ஆய்வில் சேர்ந்தபோது வயது 56. "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா?" என்றார் அண்ணன். முப்பது வருடம் குறுந்தொகை நடத்தியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது பதில் தெரியாத கேள்வி கேட்கும். "உரையில அப்படித்தான் இருக்கு" என்று தப்பித்துக்கொள்வேன். அந்த உறுத்தல்தான் காரணம்.

கொரோனா காலம் என்பதால் கோர்ஸ் ஒர்க் வகுப்புகள் செல்போனில் நடந்தன. காலையில் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்புவேன். மாலையில் நானே மாணவி. மைக்கை அணைத்துவிட்டு, படுக்கையில் இருந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவேன். "நீ படிக்கிறியா, பாடம் நடத்துறியா?" என்று கேட்பார்.

இணையம் எனக்குச் செய்த உதவி பெரிது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், பிறருடைய ஆய்வேடுகளைப் பார்க்க சோத்கங்கா எல்லாமே இலவசம். சமையற்கட்டு வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தாலும் நூலகம் திறந்திருந்தது.

ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் நின்றாக வேண்டும். என் மூன்றாம் இயலை நெறியாளர் அப்படியே திருப்பித் தந்தார். என்னைவிடப் பல வயது இளையவர். "பாடம் நடத்தியிருக்கீங்கம்மா, ஆய்வு செய்யலை" என்றார். பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன். அம்மா கேட்ட அதே கேள்விதானே அது! மூன்று மாதம் உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

2022-இல் அம்மா போய்விட்டார். எட்டு மாதம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. நெறியாளர்தான் போன் செய்து, "அடுத்த இயல் எப்போம்மா?" என்றார். பணம் கட்டி வாங்கும் பட்டத்தில் இப்படி ஒரு மனிதர் கிடைப்பாரா?

2024-இல் பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வேலையில் இருக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த அனுமதி இல்லை. தனியார் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்றும் அதே ஆண்டு எச்சரித்திருக்கிறார்கள். பகுதிநேரமாகச் சேரலாம். வேலை செய்யும் இடத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டு ஆகும். குறுக்குவழி கிடையாது.

அந்த மாணவி பணம் கட்டவில்லை. பகுதிநேரத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். என்ன தலைப்பு எடுக்கலாம் என்று கேட்டாள். "உன் வகுப்புப் பிள்ளைங்க கேட்டு, நீ பதில் சொல்ல முடியாமப் போன கேள்வி எது? அங்கிருந்து ஆரம்பி" என்றேன்.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா