அடம்பனுக்கு ஊரூராய் ஆள்

பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இரு பக்கமும் ஆழமில்லாக் கடல். மண்டைதீவுச் சந்தி கழிந்து அல்லைப்பிட்டி வர, தெருவோரத்தில் எருக்கலை. அந்தப் பூவின் மகரந்தம் பொடியாக உதிராது, பொதியாக இருக்கும். அதைக் காலில் மாட்டி இழுத்துப்போகப் பெரிய கருவண்டின் பலம் வேண்டும்.

வேலணை தாண்டிச் சாட்டிக்கு இறங்குங்கள். குளிக்க வரும் சனம் மிதித்துப் போகும் அடம்பன் கொடியில் ஓர் இலையைப் பிடித்துப் பாருங்கள். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். அதில் இனிப்பு நீர் ஊறும்; எறும்பு வந்து நக்கும். பூவில் ஊறும் தேன் மகரந்தம் காவுகிற தேனீக்கும் வண்டுக்கும். இது இலையைப் புழுவிடமிருந்து காக்கும் எறும்புக்கு. ஊதாப்பூ காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும். தன் மகரந்தம் தனக்கு உதவாது என்பதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது வந்தேயாக வேண்டும்.

விதைக்கோ எந்த விலங்கும் தேவையில்லை. கடலில் மிதந்தே மெக்சிகோ வளைகுடா, அவுஸ்திரேலியா என்று வெப்பக் கரையெல்லாம் இந்த இனம் பரவிவிட்டது. எறும்பும் வண்டும் கூடப் போவதில்லை. போன இடத்தில் அங்குள்ளவற்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல காவலும் அமையலாம், இனிப்பை நக்கிவிட்டுச் சும்மா திரிவதும் அமையலாம். ஒரே கூட்டுறவு ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் தளரும், சில வேளை பகையாகவும் திரும்பும் என்று அமெரிக்கச் சூழலியலாளர் ஜோன் தொம்சன் 2005இல் ஒரு நூலே எழுதினார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற நம்மவர் எறும்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

கூட்டுறவை இடம் மட்டுமல்ல, காலமும் மாற்றும் என்பது புங்குடுதீவில் தெரியும். பனம்பழம் பொறுக்கிப் பனாட்டுப் போட்டு, கொட்டையைப் பாத்தியில் அடுக்கியது மனிதர். கிழங்கு தின்பது பனையின் முளையைத் தின்பதுதான். ஆனாலும் ஓலைக்கும் மரத்துக்குமாகப் பனையைப் பேணியதும் அதே கை. 1990களின் தொடக்கத்தில் சனம் இடம்பெயர்ந்தது. விழுந்த பழத்தைக் கட்டாக்காலி மாடுகள் சூப்பிப் போட்டன. தோண்டி எடுக்க ஆளில்லாத முளைகள் வளவுகளுக்குள் வடலிக் காடாயின. பனைக்கு அதில் நட்டமில்லை என்றே நினைக்கிறேன்.

குறிகட்டுவானில் தெரு முடிகிறது. மிச்சம் படகு. நெடுந்தீவின் பெருக்கமரம் ஆப்பிரிக்காவின் பிள்ளை. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். தொங்கும் வெள்ளைப்பூ பொழுதுபட விரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் வௌவாலும், தெற்கே பெருவிட்டிலும் அதற்கு மகரந்தம் காவுகின்றன. இந்தியாவில் நட்ட மரங்களுக்கு அங்குள்ள பழந்தின்னி வௌவால்களே வருகின்றன. பூவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. காய்க்கு அப்படியில்லை. தாய்நாட்டில் யானையும் பபூன் குரங்கும் ஓட்டை உடைத்து விதையைத் தூரத்தில் போடும். நெடுந்தீவில் இரண்டும் இல்லை. அடுத்த மரம் வேண்டுமானால் யாராவது விதையை எடுத்து நடத்தான் வேண்டும்.