மணலில் புதைத்த கார்

எங்கள் வீட்டின் பின்பக்கம், கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையில், நீலத் தறப்பாளால் மூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அது நானாவுடையது. பொலிஸிலிருந்து கொண்டுவந்து அங்கே நிறுத்தி இரண்டு வருடமாகிறது. விற்பதற்கும் உம்மா விடவில்லை, திருத்துவதற்கும் விடவில்லை. "அதத் தொடாதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நானா மௌத்தான அன்று ஜனாஸா வீட்டிலேயே ஒரு கதை என் காதில் விழுந்தது. பிள்ளை வேகமாகப் போயிருக்கிறான். பார்த்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

உயர்தரத்தில் நான் படிப்பது பொறியியல் தொழினுட்பம். போன தவணை ஒப்படைக்கு, பழைய விமான இயந்திரங்களைக் கார்களில் பொருத்திய கதையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், படங்களைப் பார்த்து மயங்கித்தான் எடுத்தேன். காரின் முன்பக்கம் மட்டும் ஒரு படகு நீளம்!

முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்தபோது, விமானங்களுக்கென்று செய்த இயந்திரங்கள் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தன. வேகப் பைத்தியம் பிடித்த சிலர் அவற்றை வாங்கி, பழைய கார்களின் சட்டகத்தில் ஏற்றினார்கள். இங்கிலாந்தின் கன்ரபரிக்கு அருகில் வாழ்ந்த லூயிஸ் ஸ்பரோவ்ஸ்கி என்ற பணக்கார இளைஞர், 23 லீற்றர் மேபேக் விமான இயந்திரத்தை ஒரு மேர்சிடிஸ் சட்டகத்தில் வைத்து 1921இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் ஓட்டினார். அந்தக் காரின் பெயர் சிட்டி பேங் பேங். இயன் ஃபிளெமிங் பின்னாளில் எழுதிய சிறுவர் கதைக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான். கதையில் கார் பறக்கும். உண்மையில் பறக்க வேண்டிய இயந்திரம் தரையில் ஓடியது.

இதில் இலகுவான வேலை ஒன்றுமில்லை. விமான இயந்திரம் பெரியது, ஆனால் மெதுவாகச் சுழல்வது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கும் குறைவாகச் சுழன்றே தன் முழு வலுவையும் தந்துவிடும். அந்த முறுக்கு விசையைத் தாங்கக் கிளச்சும் கியர்ப்பெட்டியும் படாத பாடு படும். சக்கரங்களுக்கு வலுவைக் கடத்தப் பலர் நம்பியது சைக்கிளில் உள்ளதைப் போன்ற, ஆனால் மிகத் தடித்த, செயின்களைத்தான்.

ஸ்பரோவ்ஸ்கி செய்த இன்னொரு கார்தான் என்னைப் பிடித்து வைத்தது. அமெரிக்காவின் லிபேட்டி இயந்திரம், 12 சிலிண்டர், 27 லீற்றர். நானாவின் சைக்கிள் 125 சீசீ. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 216 சைக்கிள்கள் ஒன்றாகச் சேர்ந்த இயந்திரம் அது. ஸ்பரோவ்ஸ்கி 1924இல் மொன்சா பந்தயத்தில் இறந்த பின் அதை 125 பவுணுக்கு வாங்கியவர் பரி தோமஸ். (இங்கும் 125தான்.) லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். எங்கள் ஊர் பஸ்களின் நெற்றியில் இருக்கும் அந்தப் பெயரேதான்.

தோமஸ் காரைத் திருத்தி, 'பாப்ஸ்' என்று பெயர் வைத்து, வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரைக்குக் கொண்டுபோனார். 1926 ஏப்ரலில் மணிக்கு 171 மைல் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த பெப்ரவரியில் மல்கம் கம்பெல் அதே மணலில் அதை முறியடித்தார். அவருடைய காரிலும் விமான இயந்திரம்தான், நேப்பியர் லயன். சாதனையை மீட்க 1927 மார்ச் 3ஆந் திகதி மீண்டும் வந்த தோமஸ், பாப்ஸ் புரண்டு அதிலேயே உயிரிழந்தார்.

காரை அந்தக் கடற்கரை மணல்மேட்டில் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

இதை வாசித்தபோது இரவு பதினொரு மணியிருக்கும். எழுந்து போய் குசினி ஜன்னலால் நீலத் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செயின் அறுந்து தோமஸின் தலையில் அடித்ததாகவே பல வருடங்கள் சொல்லிவந்தார்கள். 42 வருடங்கள் கழித்து, 1969இல், ஓவென் வின் ஓவென் என்ற பாங்கர் தொழினுட்ப விரிவுரையாளர் அனுமதி பெற்றுக் காரைத் தோண்டியெடுத்தார். உப்பு மணல் தின்றதுபோக மிஞ்சியதை வருடக்கணக்காகத் திருத்தி மறுபடி ஓடவும் வைத்தார். செயின்தான் உயிரைப் பறித்தது என்ற முடிவைப் பின்னர் காரை ஆராய்ந்தவர்கள் சந்தேகித்தார்கள்.

இறந்தவரின் காரைத் தோண்டலாமா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மணலுக்குள்ளேயே கிடந்திருந்தால் அந்தச் செயின் கதைதான் கடைசி வரைக்கும் நின்றிருக்கும்.

ஒப்படையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதைத்த இடத்தில் "அல்லாஹ்" என்றார். தோண்டிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாச்சா வந்தார். அவர் கராஜ் வைத்திருப்பவர். உம்மாதான் கூப்பிட்டிருக்கிறார்; எனக்குத் தெரியாது.

தறப்பாளை இரண்டு பேருமாக விலக்கினோம். வேகமானியின் முள் பூச்சியத்தில் கிடந்தது. அது எதையும் சொல்லவில்லை. செயின் துருப்பிடித்திருந்தாலும் அறுந்திருக்கவில்லை. சாச்சா குந்தியிருந்து பின் ரயரைக் கையால் மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து வைத்தார். பக்கச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. விரல் உள்ளே போனது.

"விழுந்ததால வந்ததா, விழ முன்னமே வெடிச்சதா, அடிச்சுச் சொல்ல ஏலாது மகள்" என்றார். "ஆனா வேகத்தாலதான் விழுந்தான் எண்டும் ஒருத்தரும் அடிச்சுச் சொல்ல ஏலாது."

உம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்து, முதல் தடவையாக அந்த ஆசனத்தில் கை வைத்தார்.

"தூசியத் துடைச்சு விடுங்க" என்றார்.