ஏழாவது படியில் ஒரு தங்க ஷூ

இங்கிலாந்து கால்பந்தை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் பிரீமியர் லீக். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்கள். நான்கும் சேர்த்து 92 கிளப்கள். அதற்கும் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'நான்-லீக்'. அங்கே ஆடுபவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள்.

2022 ஜனவரியில், அந்த ஏணியின் ஏழாவது படியில் இருந்த சவுத் ஷீல்ட்ஸ் என்ற கிளப்புக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் கெவின் பிலிப்ஸ், வயது 48. இங்கிலாந்து அணிக்காக எட்டு முறை ஆடியவர். ஐரோப்பிய லீக்குகளில் அடித்த கோல்களைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் தரும் 'தங்க ஷூ' விருதை வென்ற முதல் ஆங்கிலேயர். இரண்டாவது ஆளாக ஹாரி கேன் வாங்க 2024 வரை ஆனது.

"இவ்வளவு பெரிய ஆளு, இவ்வளவு கீழயா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் கேள்வி எனக்கு நல்ல பழக்கம். இருபது வருடம் வேலை பார்த்த பெரிய தொழிற்சாலை மூடியபோது எனக்கு 46 வயது. அதன்பிறகு ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் "இப்ப எங்க இருக்கீங்க?" என்பார்கள். சொன்னதும் ஒரு விநாடி அமைதி. பிறகு, "பரவாயில்ல, ஏதோ ஒண்ணு" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல்தான் கஷ்டமாக இருக்கும்.

அதனால்தான் பிலிப்ஸின் கதையை முதலிலிருந்து தேடிப் படித்தேன்.

சிறு வயதில் அவர் சவுத்தாம்டன் கிளப்பில் பயிற்சி ஆட்டக்காரர். ஆலன் ஷியரரின் ஷூக்களைத் துடைத்து வைப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. உயரம் ஐந்தடி ஏழங்குலம்தான். அங்கே அவரைத் தடுப்பு வரிசையில், ரைட் பேக் ஆக ஆடவைத்தார்கள். முதல் அணிக்காக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. கடைசியில் 'வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுப் பக்கம் திரும்பி, பால்டாக் டவுன் என்ற நான்-லீக் கிளப்பில் சேர்ந்தார். பிழைப்புக்குக் கிடங்கு வேலை. அந்த கிளப்பின் மேனேஜர் இயன் அல்லின்சன்தான் அவரைத் தடுப்பு வரிசையிலிருந்து முன்னால் கொண்டுவந்து ஸ்ட்ரைக்கர் ஆக்கினார். கோல்கள் கொட்டத் தொடங்கின. 1994 டிசம்பரில் வாட்ஃபோர்டு கிளப் வெறும் பத்தாயிரம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. 1997-ல் சண்டர்லேண்ட். 1999-2000 சீசனில் பிரீமியர் லீக்கில் 30 கோல்! முந்தைய வருடம்தான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்திருந்த அணி, அந்த வருடம் ஏழாம் இடம் பிடித்தது. தங்க ஷூ கிடைத்ததும் அந்த சீசனுக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை. 'வேண்டாம்' என்று அனுப்பிய அதே சவுத்தாம்டன், 2003-ல் முப்பது லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து அவரை வாங்கியது.

அவருடைய கால்கள் லேசில் ஓயவில்லை. 2013 மே மாதம் வெம்ப்ளி மைதானம். பிரீமியர் லீக்குக்கு யார் போவது என்ற பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். கிரிஸ்டல் பேலஸுக்கு எக்ஸ்ட்ரா டைமில் ஒரு பெனால்ட்டி. பந்தை வைத்தவர் பிலிப்ஸ், அப்போது வயது 39. கோல்! பேலஸ் 1-0 என ஜெயித்தது. தோற்றது யார் தெரியுமா? பத்தாயிரம் பவுண்டுக்கு அவரை வாங்கிய அதே வாட்ஃபோர்டு. மறு வருடம் லெஸ்டரோடு ஒரு பட்டத்தையும் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். பிறகு லெஸ்டர், டார்பி, ஸ்டோக் என்று பயிற்சியாளர் வேலை. மேனேஜர் நாற்காலி முதன்முதலில் கிடைத்தது சவுத் ஷீல்ட்ஸில்தான்.

இதைப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பால்டாக்கில் அவரை ஸ்ட்ரைக்கர் ஆக்கிய அல்லின்சன் யார்? ஆர்சனலில் ஆடியவர்! அவ்வளவு பெரிய கிளப்பில் இருந்துவிட்டு, சிறிய ஊர் அணி ஒன்றுக்கு மேனேஜராக வந்தவர். அவரைப் பார்த்தும் யாராவது "இங்கயா?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவர் அங்கே வராமல் இருந்திருந்தால், ரைட் பேக் பையன் ரைட் பேக்காகவே இருந்திருப்பானோ என்னவோ.

ஒருவர் இறங்கி வந்ததாக ஊர் நினைத்த இடம், இன்னொருவர் ஏறத் தொடங்கிய இடம். எங்கள் பட்டறைக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் வந்தான். மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது, டிராயிங்கை எப்படிப் படிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் அந்தப் பெரிய தொழிற்சாலையில் நான் கற்றது. இன்று அவன் என்னைவிட வேகமாக வேலை செய்கிறான். "சார், இத வந்து பாருங்க" என்று கூப்பிடும்போது, கல்யாண வீட்டு ஆறுதல்கள் எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிலிப்ஸின் மேனேஜர் கதை சினிமா மாதிரி போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-23 சீசனில் சவுத் ஷீல்ட்ஸ் சாம்பியன் ஆகி ஆறாவது படிக்கு ஏறியது. 2020-ல் பட்டத்தை நெருங்கியபோது கொரோனா வந்து சீசனே ரத்தான கிளப் அது. ஊருக்கே நிம்மதி. ஆனால் சீசன் முடிந்ததும் பிலிப்ஸ் விலகிவிட்டார். 2024 ஜனவரியில் ஐந்தாவது படியில் இருந்த ஹார்ட்டில்பூல் அவரை எடுத்தது. அந்த சீசனோடு அதுவும் முடிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிறு கிளப்கள், ஒரு கோப்பை, அவ்வளவுதான். பிரீமியர் லீக்கில் 30 கோல் அடித்தவருக்கு இது சின்னக் கணக்கு. ஆனால் அல்லின்சனின் கணக்கை எழுதினால் அதில் கெவின் பிலிப்ஸ் என்ற ஒரு வரி இருக்கும். பிலிப்ஸ் கையில் பயிற்சி பெற்ற பையன்களில் எவன் பெயர் நாளை எங்கே வரும் என்று, ஏழாவது படியில் நின்று பார்க்கும்போது யாருக்குத் தெரியும்?