தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

எம் பாட்டியார் காலத்தை ஆண்டுக்கணக்கால் அளந்தவர் அல்லர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் திண்ணையில் அமர்ந்து, தம் அன்னையார் சொல்லிய கதைகளைத் 'தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு முந்தி' என்றும் 'பிந்தி' என்றுமே பகுத்துரைப்பார். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை என்பது, யாம் பட்டம் பெற்று நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்த பின்னரே விளங்கிற்று. அதுவரை 1899 என்றே எண்ணியிருந்தோம்!

அவ்வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதையைப் பெயர்த்தெறிந்தது. பின்னர் அங்கு இரயில் ஓடவேயில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் மீண்டும் மூழ்கியபோது, மத்திய நீர் ஆணையத்தார் இரு மழைகளையும் ஒப்புநோக்கினர். 1924 ஜூலை 16 முதல் 18 வரை மாநிலப் பரப்பில் சராசரியாக 443 மி.மீ.; 2018 ஆகஸ்டு 15 முதல் 17 வரை 414 மி.மீ. இவ்விரண்டு எண்களையும் அருகருகே நிறுத்துவது எளிய செயலன்று. பழைய மழையேடு அங்குலத்தில் பேசும். புதியது மில்லிமீட்டரில் பேசும். வானிலைத் துறையாரின் 'நாள்' காலை எட்டரை மணிக்கு முடியும். செய்தித்தாளின் நாளோ நள்ளிரவில் முடியும். ஒரே ஊர் மூன்று மொழிகளில் மூன்று எழுத்துக்கூட்டல் பெற்று நிற்கும். இரு பதிவேடுகளில் பெயர் ஓரெழுத்து மாறியதால் ஒரு முதியவரின் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றதை யாம் கண்டதுண்டு. ஆகவே இத்தொல்லை எமக்குப் புதிதன்று.

இந்திய வானிலைத் துறை 1901 முதலான மழைக்கணக்கைக் கால் பாகைக் கட்டங்களாக நாடு முழுமைக்கும் வகுத்துத் தந்துள்ளது. அரும்பணிதான். ஆயினும் கட்டம் ஒன்று ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலமுடையது. பெருமழை பெறும் மூணாற்றுக்கும், மலைக்கு அப்பால் மழைமறைவில் காயும் மறையூருக்கும் இடையே நேர்க்கோட்டில் அத்தனை தொலைவும் இல்லை. சராசரி இவ்விரண்டையும் மழுங்கடித்துவிடும். செயற்கைக்கோளோ மேகத்தை மேலிருந்து கண்டு மழையை மதிப்பிடும். தோட்டத்து மழைமானி தன் வாயில் விழுந்ததை மட்டுமே அளக்கும். எனவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தவேண்டியுள்ளது.

2020 ஆகஸ்டு 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் இறங்கியது. மாண்டவர் எழுபதின்மர். அவருட் பலர் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட நம்மவர். அப்பகுதித் தோட்ட மழைமானி ஒரே நாளில் 600 மி.மீ.க்கு மேல் காட்டியிருந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அவ்விரவின் செய்தி மறுநாட் காலையில்தான் வெளியே தெரிந்தது. ஏட்டில் ஏறும் மழையளவு, சரிவின் சாய்வையும் மண்ணின் ஆழத்தையும் காட்டும் புவியியல் படத்தோடு உடனுக்குடன் சேர்ந்தாலன்றி, லயத்தில் உறங்குவோர்க்கு அதனால் யாது பயன்?

சென்ற விடுமுறையில் அன்னையாரை அருகிருத்தி, பாட்டியார் கூறியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். எந்த ஓடை திசை மாறிற்று, எந்த லயம் வரை நீர் ஏறிற்று என்பனவெல்லாம் அதில் உள்ளன. காலம் குறிக்கும் பத்தியில் 1099 கர்க்கடகம் என்றும், அருகே 1924 ஜூலை என்றும் இரண்டையுமே பதிந்தோம். நீரின் அளவு கேட்டபோது அன்னையார், "இடுப்பளவுன்னுதான் ஆத்தா சொல்லும்" என்றார். அதனையும் அவ்வாறே எழுதினோம்.