முகவரி அச்சிட்ட கேசட்

மலேசியத் தமிழ் இளைஞர்களின் அண்டர்கிரவுண்ட் இசை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் ‘வல்லவன்’ என்பார்கள். யோகி பி - நட்சத்ரா குழுவின் அந்த ராப் ஆல்பம் 2006இல் வந்தது. விவரம் தெரிந்தவர்கள் 1998க்குப் போய், யோகி பி முன்பு இருந்த பொயட்டிக் அம்மோ குழுவின் ஆல்பத்தைச் சொல்வார்கள். இரண்டும் முழு ஆல்பங்கள், முறைப்படி கடைக்கு வந்தவை. நான் தேடியது அதற்கும் முந்தைய சரக்கை: பாடியவனே பதிவு செய்து, பாடியவனே விற்ற டெமோ.

சுங்கை பூலோக்காரனான எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிக்பீல்ட்ஸ்தான். ஆனால் கேசட் காலத்தில் அங்கே கொடி கட்டிப் பறந்தவை சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும். தடம் கிடைத்தது சென்ட்ரல் மார்க்கெட்டில். கொமுட்டரில் ஏறி பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் மெட்டல், பங்க் இளைஞர்கள் கூடிய இடம் அது.

அவர்களின் டெமோ வியாபாரமே தனி ரகம். ஒரு மாஸ்டர் கேசட். அதை இரட்டை டெக்கில் போட்டு ஒவ்வொன்றாக நகல் எடுப்பார்கள். அட்டை, போட்டோஸ்டேட் தாளை மடித்துச் செருகியது. பாட்டுப் பட்டியலோடு வீட்டு முகவரியும் அதில் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் எப்படி வரும்? வெளிநாட்டு ரசிகர் நோட்டைக் கார்பன் தாளில் சுற்றிக் கடிதத்துக்குள் ஒளித்து அனுப்புவார். தபால்தலை மேல் பசை தடவி, முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுகிற தில்லுமுல்லும் உண்டு. பதில் உறைக்குள் வேறு நாலு குழுக்களின் துண்டு விளம்பரங்களும் வந்து விழும். செலவில்லாத விளம்பரம்! காசு இல்லாதவர் தன்னிடம் உள்ள டெமோவை நகலெடுத்து அனுப்பினாலும் கணக்கு நேராகிவிடும். நகலின் நகலில் இரைச்சல்தான் பாதி.

இந்த வழி உலகம் முழுக்க ஓடியது. மெட்டாலிகாவே 1982இல் ஏழு பாட்டுகள் கொண்ட டெமோ கேசட்டை இப்படிக் கைமாற்றித்தான் பெயர் வாங்கியது. முதல் ஆல்பம் மறு ஆண்டில்.

இந்த டெமோ உலகில் தமிழ்ப் பெயர்கள் எனக்குக் கிடைத்தது ஜொகூர் பாலத்துக்கு அப்பால். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா. பாட்டும் பேஸ் கிட்டாரும் கதிர், டிரம்ஸ் சிவா. 1994இல் ‘தி பாஸ்ட்’ என்ற டெமோவை வெளியிட்டார்கள். இடையில் குழு கலைந்து மீண்டும் கூடி, முதல் ஆல்பம் 1998இல்தான் வந்தது. வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலோடு சேர்த்த இவர்களின் இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயரே நிலைத்தது. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம். அதற்காக நம் இசை வரலாற்றில் இவர்களை விட்டுவிடுவது நியாயமில்லை என்பது என் கட்சி.

மலேசியாவில் தடம் மறைய ஒரு காரணமும் இருக்கலாம்: 2001இல் இங்கே பிளாக் மெட்டல் மீது கெடுபிடி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரை விசாரணை போனது. அந்தப் பயத்தில் கேசட்டை ஒளித்தவர்களும் எறிந்தவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அண்ணனோ மாமாவோ விட்டுப்போன பெட்டியில் கையால் பெயர் எழுதிய கேசட் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் டெக்கும் கெடும், நாடாவும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி வையுங்கள். அட்டையையும் படமெடுத்து வையுங்கள்.